காக்டெயிலுக்கு என்ன ஆயிற்று? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

காக்டெயில் என்ற கொண்டை வைத்த சிறு கிளியை வாங்கி வந்த முதல் மாதத்தில் எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கும். கொண்டையைத் தூக்கினால் பயம், அலகை நறநறவென்று அரைத்தால் பயம், ஒற்றைக் காலில் நின்றால் பயம். இந்த மூன்றும் நலமாக இருக்கும் பறவை செய்கிற காரியங்கள். பயப்பட வேண்டியவை சத்தமில்லாமல் வருகின்றன. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாகத் திரிந்து, தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கும் பறவை இது. அங்கே தளர்ச்சியை வெளியே காட்டுகிற பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால் நோயை முடிந்தவரை மறைப்பது இதன் இயல்பு. மறைக்க முடியாத கட்டத்தில்தான் நம் கண்ணில் படுகிறது. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எந்த அறிகுறிக்கும் முன்னால் இரண்டு பொருள்களை வாங்கிவிடுங்கள்: கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, கூண்டுத் தரையில் விரிக்க வெள்ளைத்தாள். வளர்ந்த காக்டெயில் பெரும்பாலும் 80 முதல் 120 கிராம் வரை இருக்கும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். 95 கிராம் இருந்த பறவை சில நாள்களில் 85-க்கு இறங்கினால், அது பாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பத்தில் ஒரு பங்கு எடைக் குறைவை உப்பிய இறகு முழுதாக மறைத்துவிடும். தராசிடம் மறைக்க முடியாது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் யார் பார்க்கிறார்கள் என்று பறவை நலமாக இருக்கும்போதே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டருகே ஒட்டி வையுங்கள்.

மூச்சோடு சேர்ந்து வால் ஏறி இறங்குகிறது

பறந்து வந்து அமர்ந்ததும் ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கினால் பரவாயில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் துடித்தாலோ, அலகு திறந்தபடி இருந்தாலோ, மூச்சில் சொடக்குப் போடுவது போன்ற ஒலி கேட்டாலோ, அன்றைக்கே கிளம்புங்கள். நாளைக் காலை வரை வைத்திருக்க வேண்டாம்.

கிளம்பும் முன் வீட்டுக் காற்றை முகர்ந்து பாருங்கள். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால், அது பிராணவாயுவை மிகத் திறமையாக எடுத்துக்கொள்கிறது. நச்சையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்கிறது. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பூச்சிலிருந்து எழும் ஆவி மனிதருக்குத் தெரியாமலேயே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். காக்டெயில் இருக்கும் வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொசுவர்த்திச் சுருள், அறையில் தெளிக்கும் வாசனைத் திரவம், புதுப் பெயின்ட், கற்பூரம், ஊதுபத்தி எல்லாமே தொல்லைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடு என்றால், போடுவதற்கு முன்பே கூண்டை ஜன்னல் திறந்த வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். புகை முழுதாக அடங்கிய பிறகு திரும்பக் கொண்டுவரலாம்.

அலகைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தால் அது வெப்பம் தாங்காத பறவை. அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெயில் நகர்ந்து கூண்டின் மேல் விழுவதை நாம் கவனிப்பதில்லை. நிழலுக்கு மாற்றி, கால்களைக் குளிர்ந்த நீரில் நனைத்து, இறகின் மேல் நீரை மெல்லத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. கால் மணி நேரத்தில் மூச்சு சீராகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

உடலை உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது

மதிய வேளையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, லேசாக உப்பி, அலகை அரைத்தபடி இருந்தால் அது தூக்கத்துக்குத் தயாராகிறது. பெயரைச் சொல்லி அழைத்ததும் இறகைப் படிய வைத்துத் திரும்பிப் பார்க்கும். நோயுற்ற பறவையோ இரண்டு கால்களாலும் கம்பைப் பற்றியபடி நாள் முழுக்க உப்பியே இருக்கும். அழைத்தால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். கம்பை விட்டுக் கூண்டின் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டால் காத்திருக்க நேரமே இல்லை.

முதலில் தர வேண்டியது வெப்பம். பறவையின் உடல் சூடு இயல்பாகவே 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். நோயில் அதைக் காப்பாற்றவே அதன் வலுவெல்லாம் செலவாகிறது. கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி, ஒரு பக்கத்துக்கு வெளியே பழைய குண்டு பல்பு ஒன்றை, துணியில் படாமல், எரிய விடுங்கள். உள்ளே 28 முதல் 30 டிகிரி போதும். சூடு அதிகமானால் விலகிப்போக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். கோடைப் பகலில் நம் ஊர்க் காற்றே இந்தச் சூட்டில்தான் இருக்கும். ஏசி அறையிலும் மார்கழி இரவிலும்தான் பல்பு தேவைப்படும். தீனியையும் தண்ணீரையும் காலடியில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். அலகைப் பிளந்து தண்ணீர், குளுக்கோஸ், குழந்தைகளுக்கான சொட்டு மருந்து எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் அங்கேயே முடிந்துவிடும். கடையில் "தண்ணீரில் கலந்து வையுங்கள்" என்று தரும் மஞ்சள் பொடி பெரும்பாலும் ஆன்டிபயாடிக். நோயுற்ற பறவை குடிப்பதே குறைவு. எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பின்னால் பரிசோதனை செய்தாலும் நோய்க்கிருமி பிடிபடாமல் போகலாம். கிளிக் காய்ச்சல் எனப்படும் கிளமிடியா தொற்றுக்கு மருத்துவர்கள் வழக்கமாக 45 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். ஐந்து நாள் பொடி அதை அமுக்கி மட்டுமே வைக்கும். இந்தத் தொற்று மனிதருக்கும் வரும். பறவை சோர்ந்திருக்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால், வீட்டில் பறவை இருக்கிறது என்பதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எச்சம் மாறியிருக்கிறது

தினமும் காலையில் தாளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் தெரியும்: பச்சையோ பழுப்போ ஆன திடப்பகுதி, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை, சுற்றிலும் நிறமற்ற சிறிதளவு நீர். மாறியது எந்தப் பகுதி என்று பார்ப்பதுதான் வழி.

நீர் மட்டும் அதிகமானால் வெள்ளரிக்காய் தின்றிருக்கலாம், குளித்திருக்கலாம், காரில் வந்து மிரண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் சரியாகும். திடப்பகுதி உருவமிழந்து குழைந்துபோனால்தான் வயிற்றுப்போக்கு. பீட்ரூட், கேரட் தின்றால் நிறம் மாறுவது இயல்பு. ஆனால் வெள்ளைப்பகுதி மஞ்சளாகவோ பளீர்ப் பச்சையாகவோ ஆனால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். முழு விதை செரிக்காமல் வந்தாலும், தார் போலக் கருத்திருந்தாலும், ரத்தம் தெரிந்தாலும் அன்றே மருத்துவர். அந்தத் தாளை அப்படியே மடித்து எடுத்துப்போங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

எச்சம் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாக இருந்தால் பறவை சாப்பிடவில்லை. "கிண்ணம் நிறையத் தீனி இருக்கிறதே" என்று தோன்றும். கிண்ணத்தை எடுத்து ஊதிப் பாருங்கள். காக்டெயில் விதையை உரித்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விடுகிறது. மேலே பார்த்தால் நிறைந்த கிண்ணம், உள்ளே வெறும் உமி. நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடக்கும் பறவைகள் புதிதாக வளர்ப்பவர் வீடுகளில்தான் அதிகம். தினமும் உமியைக் கொட்டிவிட்டுப் புதுத் தீனி வையுங்கள்.

காலையில் முதல் எச்சம் மட்டும் பெரிதாக இருந்தால் கவலை வேண்டாம். இரவு முழுக்கச் சேர்ந்தது அது.

வாங்கி வந்ததிலிருந்து சாப்பிடவில்லை

புது இடத்தில் முதல் நாள் மிரட்சியில் குறைவாகத் தின்னும். கூண்டைச் சுவரோரமாக, மார்பு உயரத்தில் வைத்து, ஆள்கள் கூடி நின்று பார்க்காமல் விலகியிருங்கள். கடையில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள். ஒரு நாள் முழுவதும் எதுவும் தின்னவில்லை என்றால் இந்தச் சிறிய உடலுக்கு அது ஆபத்து.

உங்களைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டி, விடாமல் கரகரத்துக் கத்தினால், அது இன்னும் தானாகத் தின்னப் பழகாத குஞ்சு. காக்டெயில் குஞ்சு தாய்த்தீனி மறக்க 8 முதல் 10 வாரம் ஆகும். "கையில் ஊட்டினால்தான் நன்றாகப் பழகும்" என்று சொல்லி அதற்கு முன்பே விற்பது பறவைக்கும் வாங்குபவருக்கும் செய்யும் பெரிய தீங்கு. ஊட்டும் கூழின் சூடு கொஞ்சம் கூடினால் தீனிப்பை வெந்துவிடும். குறைந்தால் உள்ளேயே புளித்துத் தங்கிவிடும். அனுபவம் இல்லாதவர் முயல வேண்டாம். விற்றவரிடமோ தேர்ந்த வளர்ப்பாளரிடமோ கொண்டுபோய்த் தானாகத் தின்னும் வரை விட்டு வையுங்கள்.

தும்முகிறது

காக்டெயில் தூள் உதிர்க்கும் பறவை. இறகுகளுக்கு அடியில் மெல்லிய தூள் உருவாகி உடலெங்கும் பரவும். கூண்டைச் சுற்றி வெள்ளைப் படலம் படிவது அதனால்தான். நாளில் சில முறை வறண்ட தும்மல் வருவது இயல்பு. வாரத்தில் மூன்று நான்கு நாள் குளிக்கத் தட்டில் தண்ணீர் வைத்தால் தூள் குறையும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பறவை வாங்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும்.

மூக்குத் துவாரம் ஈரமாக இருந்தாலோ, அதன் மேல் இறகு கறைபட்டு ஒட்டியிருந்தாலோ, ஒரு கண் வீங்கியிருந்தாலோ அது தொற்று. வெறும் விதை மட்டுமே தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து, மூக்கின் உள்தோல் தடித்து, இத்தொற்று மீண்டும் மீண்டும் வரும். மருந்து ஒரு முறை காப்பாற்றும். தீனியை மாற்றினால்தான் திரும்ப வராது. தினை, சாமை, கேனரி விதை ஆகியவற்றோடு நல்ல பெல்லட் (சத்துகள் சேர்த்து உருட்டிய கடைத்தீனி) கிடைத்தால் சேருங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய், முளைகட்டிய பச்சைப்பயறு எல்லாம் நல்லவை. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். கையில் வைத்துப் பழக்கும்போது கொடுக்கும் பரிசாக மட்டும் இருக்கட்டும்.

முதல் நாளே கீரையைத் தொடாது. விதை வைப்பதற்கு முன், காலையில், ஈரமான முருங்கைக் கொத்தைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். முதலில் அதில் உரசிக் குளிக்கும், பிறகு கிழிக்கும், அப்புறம்தான் தின்னும். வாரக்கணக்கில் ஆகலாம். பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். நம் வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

முன்பு பச்சைக்கிளி வளர்த்த வீடுகளில் பால்சோறு ஊட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. (பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், காக்டெயில் நம் நாட்டுக் காட்டுப்பறவை அல்ல.) பறவையால் பாலைச் செரிக்க முடியாது. வெண்ணெய்ப்பழமும் (அவகாடோ) சாக்லேட்டும் நஞ்சு. காபி, வெங்காயம், உப்புப்போட்ட முறுக்கு, மிக்சர் எதுவும் வேண்டாம்.

நள்ளிரவில் கூண்டுக்குள் படபடவென்று மோதிக்கொள்கிறது

இது காக்டெயிலிடம் அதிகம் காணப்படும் கோளாறு. சுவரில் பல்லி ஓடும், ஜன்னலில் வண்டி விளக்கு அடிக்கும், எங்கோ பட்டாசு வெடிக்கும். இருட்டில் எதுவும் தெரியாமல் பறவை கம்பியில் போய் மோதும். உடனே கையை விட்டுப் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கையும் அதற்கு எதிரிதான். மெல்லிய விளக்கைப் போட்டு, வழக்கமாகப் பேசும் குரலில் பேசிக்கொண்டிருங்கள். அமைதியானதும் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வளர்ந்துகொண்டிருக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்தால் சொட்டிக்கொண்டே இருக்கும். சோளமாவை (கார்ன்ஃப்ளார்) அந்த இடத்தில் வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மார்பை அழுத்தி விடாதீர்கள். பறவை மார்பை விரித்துத்தான் மூச்சு விடுகிறது. 90 கிராம் பறவையின் மொத்த ரத்தமே ஏறத்தாழ 9 மில்லிதான். அதனால் நிற்காத கசிவை இரவென்றும் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இறகைப் பிடுங்கும் வேலை அவருடையது.

அடுத்த நாள் முதல் ஜீரோ வாட் விளக்கு ஒன்றை இரவெல்லாம் எரிய விடுங்கள். கூண்டை நான்கு பக்கமும் மூடாமல் ஒரு பக்கம் திறந்து வையுங்கள். தூங்கும் கம்பின் அருகே தொங்கும் பொம்மைகளை அகற்றுங்கள். தீபாவளி வாரத்தில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மின்விசிறி ஓசையோடு வைத்தால் வெடிச்சத்தம் அடங்கிக் கேட்கும்.

பெண் பறவை தரையில் உட்கார்ந்து முக்குகிறது

ஆண் துணை இல்லாமலேயே பெண் காக்டெயில் முட்டையிடும். சாம்பல் நிற வகையில் வளர்ந்த ஆணின் முகம் பளீர் மஞ்சளாக இருக்கும். பெண்ணுக்கு முகம் மங்கியிருக்கும், வாலின் அடிப்பக்கம் பட்டைகள் தெரியும். வயிற்றின் கீழ்ப்பகுதி உப்பி, கால் அகட்டி, வால் துடிக்க முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெப்பமும் ஈரக்காற்றும் கொடுத்தபடி அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே முட்டை உடைந்துவிடும். எண்ணெயும் விட வேண்டாம்.

இதற்குப் பெரும்பாலும் கால்சியம் குறைவுதான் அடிப்படை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் எப்போதும் மாட்டி வையுங்கள். முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் பறவைக்குப் பெட்டி, பானை, அலமாரி மூலை போன்ற இருட்டிடங்களை அடைத்துவிடுங்கள். முதுகைத் தடவாமல் தலையை மட்டும் கோதுங்கள். வெளிச்ச நேரத்தை 10 மணி நேரமாகக் குறையுங்கள். இட்ட முட்டைகளை உடனே எடுக்க வேண்டாம். எடுத்தால் ஈடுகட்ட மறுபடி இடும். மூன்று வாரம் அடைகாத்துவிட்டுத் தானே சலித்து விட்டுவிடும்.

இறகு உதிர்கிறது

ஆண்டுக்கு ஓரிரு முறை இறகு மாற்றும்; தலையில் முள் போன்ற புது முளைகள் தெரிந்தால் நல்லது. வெண்மஞ்சள் லுட்டினோ வகைக்குக் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை இருப்பது பிறவிக் குணம். மார்பிலும் இறக்கைக்கு அடியிலும் தானே பிடுங்கித் தோல் தெரிந்தால் பரிசோதனை தேவை. எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே தனிமைதான் காரணம் என்ற முடிவுக்கு வரலாம்.

தள்ளாடுகிறது, கம்பிலிருந்து விழுகிறது

துத்தநாகப் பூச்சுக் கம்பிக் கூண்டை அலகால் கொறிப்பதாலும், ஈயம் கலந்த பழைய பெயின்டைச் சுரண்டுவதாலும் நஞ்சேறும். உடனே வேறு கூண்டு, உடனே மருத்துவர்.

கடிக்கிறது, ஓயாமல் கத்துகிறது

இதற்கு மருந்தில்லை, கொண்டையைப் படிக்கப் பழகினால் போதும். நேராக நிமிர்ந்தால் திகைப்பு. தளர்ந்து பின்னால் சாய்ந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து, கூடவே சீறினால் "கிட்டே வராதே". மூன்றாவதைப் பார்த்தும் கையை நீட்டினால் கடிக்கத்தான் செய்யும். அதைக் குற்றமாகக் கொள்ளாமல் அரை அடி விலகி, தினையை நீட்டி, அது தானே வரும் வரை காத்திருங்கள்.

காலையிலும் மாலையிலும் கத்துவது கூட்டத்தைத் தேடும் குரல். நீங்கள் அறையை விட்டுப் போனதும் கத்தினால், அது உங்களைக் கூட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரே மாதிரியான சீழ்க்கை ஒன்றை அடித்துப் பதில் கொடுங்கள். நாளடைவில் கத்தலுக்குப் பதிலாக அந்தச் சீழ்க்கையையே அதுவும் அடிக்கும். அந்தச் சீழ்க்கை பின்னால் வேறொரு வேளையிலும் உதவும்.

ஜன்னல் வழியாகப் பறந்துபோய்விட்டது

வலுவாகப் பறக்கும் பறவை இது. முதலில் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் போயிற்று என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். பின்னால் கத்திக்கொண்டு ஓடாதீர்கள். கூண்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து, கண்ணில் படும்படி தினையை வையுங்கள். வீட்டில் இன்னொரு காக்டெயில் இருந்தால் தனிக்கூண்டில் பூட்டி அருகே வையுங்கள். அதன் குரலைப் போல் அழைக்கக்கூடியது வேறில்லை. இல்லையென்றால் பழகிய சீழ்க்கையை அடித்து, நிறுத்தி, பதில் வருகிறதா என்று கேளுங்கள்.

காக்கைகள் ஓரிடத்தில் கூடிக் கரைந்தால் அந்த மரத்தைப் பாருங்கள். உச்சியில் இருந்தால் ஏறிப் பிடிக்கவோ தண்ணீர் பாய்ச்சவோ வேண்டாம். மேலிருந்து செங்குத்தாக இறங்க வீட்டுப் பறவைக்குத் தெரியாது, கிளை கிளையாக வர நேரம் வேண்டும். இருட்டினால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அந்த மரத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் விடியும் முன் அங்கே போய் நில்லுங்கள். பசியோடு விழிக்கும் அந்த நேரத்தில்தான் இறங்கி வர வாய்ப்பு அதிகம். கிடைத்ததும் தண்ணீர் கொடுத்து, எடை பார்த்து, இறக்கையிலும் காலிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பூனை நகமோ பல்லோ பட்டிருந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே ஆன்டிபயாடிக் தேவை. அதை மருத்துவர்தான் தர வேண்டும்.